டெஸ்டிங் மேடத்தின் பாசிக்கல்

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. டெஸ்டிங் பகுதியைச் சுற்றி, நான்கு விரல் அகலத்துக்கு, எப்போதும் புதுப் பெயின்ட்டோடு பளபளவென்று இருக்கும். அதைப் போட்டது கம்பெனி இல்லை. மேடம்தான் முட்டி போட்டு உட்கார்ந்து தன் கையாலேயே அடித்தார். கம்பெனி ஓனரே அந்தக் கோட்டுக்கு வெளியில் நின்றுகொண்டுதான் "ஆயித்தா மேடம்?" என்று கேட்பார். பம்புகள் டெஸ்ட் முடிந்து லாரி ஏறத் தயாரா என்று அதற்குப் பொருள். தயாராக இல்லை என்றால் மேடம் திரும்பியும் பார்க்க மாட்டார். ஓனர் சிறிது நேரம் நின்றுவிட்டு, ஏதோ வேறு வேலையாக வந்தவர்போல் போய்விடுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கம்பெனியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. டெஸ்டிங் மேடம், அவ்வளவுதான். நானும் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது கிளம்பி வந்து, யாரைக் கேட்டு எழுதினாய் என்று நிற்பார்.

குள்ளமான உருவம். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, அதன் பையில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர். காலையில் அல்சூர் பக்கத்து மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஆனாலும் ஷட்டர் தூக்கும்போது அவர்தான் முதலில் நிற்பார். மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கோட்டுக்குள் நின்றபடியே, ஒரு கண்ணைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பெங்களூரில் பஸ் கண்டக்டர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லாரும் எதற்கெடுத்தாலும் சொல்கிற ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்ற பேச்சு அவருக்கு ஆகவே ஆகாது. யாராவது அவரிடம் வந்து கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொன்னால், "நீ மொதல்ல பண்ணிக் காட்டு, பாத்துக்கறேன்" என்பார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் அங்கே சேர்ந்தேன். ஆம்பூரில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். வேலை நிலைக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது வீட்டாரோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தம். அத்தை மகன் கெட்டவன் இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவ்வளவுதான் குறை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிழவியாவதற்கு எனக்கு மனமில்லை. எனவே, டெஸ்டிங் அசிஸ்டன்ட் என்று ஒரு தாளை நீட்டியதும் எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். ஃபிட்டர் முனிராஜுதான் பட்டறைக்குள் கூட்டிப் போகும்போது விஷயத்தைச் சொன்னார். எனக்கு முன்னால் மூன்று பேர் அந்த வேலைக்கு வந்து ஓடியிருக்கிறார்கள். அதில் ஒருவன் மத்தியானம் சாப்பிடப் போனவன், திரும்பவே இல்லையாம்.

நான் சாப்பாட்டுப் பையோடு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மேடத்தின் மேசைமேல் பையை வைத்துவிட்டு வணக்கம் சொன்னேன். அவர் பையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"வெளியே."

கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் கிடந்தது. பல நாள் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். திட்ட மாட்டார், குறை சொல்ல மாட்டார். வேலை கொடுக்க மாட்டார், அதுதான் அவருடைய ஆயுதம். எல்லா பம்பையும் தானே தூக்கி, தானே ஓட்டி, தானே பார்த்து, சாக்பீஸால் தானே குறி போடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று பேரும் ஏன் ஓடினார்கள் என்பதும் புரிந்தது. எனக்கு ஓட இடமில்லை. ஓடினால் ஆம்பூரில் அத்தை மகன் பேசிக்கொண்டு நிற்பான்.

சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் அந்த மீனைப் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் பம்புகள் கடற்கரை இறால் பண்ணைகளுக்குப் போகிறவை, உப்புத் தண்ணீரில் ஓட வேண்டியவை. அதனால் டெஸ்டிங்கில் கண்ணாடித் தொட்டி ஒன்று நிறையக் கடல் தண்ணீர் இருக்கும். சென்னையிலிருந்து வரும் லாரிகள் நீல டிரம்களில் அதைக் கொண்டுவரும். பம்பின் சீல் சரியில்லாவிட்டால் உள்ளேயிருக்கும் எண்ணெய் தண்ணீரில் கசியும். கசிவு நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அந்தத் தொட்டியில் இருக்கும் மீன் மேய்வதை நிறுத்திவிடும். உடனே மேடம் பம்பைத் தூக்கிவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுவார். மீன் மேய்ந்தால் பம்பு பாஸ். மேயவில்லை என்றால் பம்பின் தலையில் சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி.

ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். செத்த பவளப்பாறைத் துண்டு ஒன்றையும் அந்த மீனையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். விரல் நீளம் இருக்கும். பார்க்க ஒன்றும் விசேஷமில்லை, கரிக்கட்டை நிறம். கண்ணாடித் தொட்டி என்றதும் ஆரஞ்சும் நீலமுமாக எதையோ எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அது ஒரு விவசாயி. கல்லின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பச்சைப் பாசி வளர்ந்திருக்கும். அதுதான் அதன் வயல். அந்தப் பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். நடுவில் முரட்டுப் பாசி ஏதாவது முளைத்தால் அதைத் தின்னாது. வேரோடு பிடுங்கி, வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு தன் எல்லைக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வரும். நத்தை ஏறினால் நத்தையைத் தூக்கி எறியும். தண்ணீருக்குள் கை விட்டால் கையைக் கடிக்கும். தன்னைவிட நூறு மடங்கு பெரிய பம்பு உள்ளே இறங்கினாலும் அதன் குழாயை முட்டும். மேடத்தின் விரல் கணுக்களில் எப்போதும் சின்னச் சின்னச் சிராய்ப்புகள் இருக்கும்.

மேடமும் அந்த மீனும் ஒரே ஜாதி என்பது கம்பெனியில் பழைய கேலி. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. மீனுக்கு வேறு வழி தெரியாது. மேடத்துக்கு ஆயிரம் வழி தெரியும், தெரிந்தேதான் இப்படி இருந்தார். ஆனால் ஒரு விஷயம் எனக்கு அந்த மீனைப் பார்த்துத்தான் விளங்கியது, அதை மறைக்க முடியாது.

ஹேட்சரிக்காரர் ஒருமுறை வந்தபோது ஒரு களவா மீனையும் ஓரா மீனையும் தொட்டியில் விட்டுப் பார்த்தார். களவா பெரியது, மீனைத் தின்கிற மீன். அது பாசிக்கல்லுக்கு மேலேயே போய் வந்தது. நம் கரிக்கட்டை கண்டுகொள்ளவே இல்லை. ஓரா சாது, பாசி தின்கிறது. அதைத் தொட்டியின் மூலைக்கு விரட்டி, வால் கிழிகிற வரை கடித்தது. ஓராவை உடனே வெளியில் எடுக்க வேண்டியதாயிற்று. பெரியவனா சின்னவனா என்பது அதற்குக் கணக்கில்லை, தன் வயலில் வாய் வைக்கக்கூடியவனா என்பதுதான் கணக்கு என்றார் ஹேட்சரிக்காரர். கடலில் இதற்கு ஒரே ஒரு பயம்தான் என்றும் சொன்னார். வால் ஓரத்தில் கத்திபோல முள் வைத்திருக்கும் ஒரு வகை மீன், அதுவும் பாசி தின்கிறது. தனியாக வந்தால் அடி வாங்கிக்கொண்டு ஓடும். கூட்டமாக வந்தால் இது ஒன்றைத் துரத்துகிற நேரத்தில் மற்றவை எல்லாம் இறங்கி வயலை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். "கூட்டத்தோட மட்டும் இதால ஆகாது மேடம்" என்றார். மேடத்துக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. ஹேட்சரிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லியிருந்த டீயை அன்று வெகு தாமதமாகத்தான் வரவழைத்தார்.

அன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தால் மேடம் கோட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். யூனியன் தலைவரிடம் சிரித்துப் பேசுகிறார். தெரு நாய் ஒன்று தினமும் கோட்டுக்குள் வந்து டிரம் நிழலில் படுத்துத் தூங்குகிறது, அதற்குத் தன் சாப்பாட்டில் ஒரு பிடி வைக்கிறார். நான் உள்ளே காலெடுத்து வைத்தால் மட்டும் முறைக்கிறார். நாயைவிடக் கேவலமாகிவிட்டோமே என்று முதலில் அழுகை வந்தது. பிறகு கணக்கு சரியாக வந்தது. நாய் பம்பு டெஸ்ட் பண்ணாது. நான் பண்ணுவேன்.

அவருடைய இந்தக் குணத்தைப் புகழ எனக்கு மனமில்லை. எனக்கு முன் வந்த மூவரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அவளையும் இதே ஸ்டூலில் உட்கார வைத்து விரட்டியிருக்கிறார். அவள் முனிராஜுவிடம் அழுதுவிட்டுப் போனாளாம். மேடத்தைக் கேட்டால், "நான் போகச் சொல்லலயே, அவளே போயிட்டா" என்று சொல்லியிருக்கிறார். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த டெஸ்டிங் மூலை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. மேடம் முதலில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் இருந்தவர். பண்ணைகளிலிருந்து பம்புகள் துருப்பிடித்துத் திரும்பி வந்துகொண்டே இருந்த காலம் அது. உப்புத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால் என்ன என்று கேட்டவர் அவர்தான். கேட்டதோடு நிற்காமல், பழைய இரும்பு கொட்டி வைத்திருந்த அந்த மூலையைத் தானே கூட்டிப் பெருக்கி, உடைந்த கண்ணாடிகளை ஒட்டி முதல் தொட்டியைச் செய்திருக்கிறார். அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசினார். "எலி பீ நாறுன எடம் இது. அப்ப யாருக்கும் வேணாம். இப்ப எல்லாருக்கும் வேணும்" என்றார். அந்த எல்லாரிலும் நானும் இருந்தேன்.

வாஸ்து பார்க்க ஒருவரை ஓனர் கூட்டிவந்த கதையை முனிராஜு இன்றைக்கும் சொல்வார். தொட்டி அக்னி மூலையில் இருக்கிறது, தண்ணீர் ஈசானிய மூலைக்குப் போக வேண்டும், அதனால்தான் ஆர்டர் குறைகிறது என்று வந்தவர் சொல்லியிருக்கிறார். மேடம் மரியாதையாக, கன்னடத்தில், இங்கிருந்து கடல் எந்தத் திசை என்று கேட்டார். கிழக்கு என்றார் அவர். மேற்கிலும் ஒன்று இருக்கிறதே, தெற்கே போனாலும் வருமே, முதலில் அதையெல்லாம் ஈசானிய மூலைக்கு நகர்த்திவிட்டு வாருங்கள், அப்புறம் இந்தத் தொட்டியைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பம்பை ஓட்டப் போய்விட்டார். தொட்டி அங்கேயேதான் இருந்தது. ஆர்டர் குறைந்ததா கூடியதா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்று கலாட்டாவின்போது நடந்ததையும் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். காவிரித் தண்ணீர்த் தகராறில் ஊர் எரிந்த அந்த டிசம்பருக்குப் பிறகு, தமிழ் ஆட்கள் பலர் ஒசூர் தாண்டிப் போய்விட்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே மேடம் வந்துவிட்டார். பெயின்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், ஊருக்குப் போகவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "நம்மூரு ஹலசூரு. நிம்து யாவ்து?" என்றாராம். என் ஊர் அல்சூர், உன்னுடையது எது என்று. அவன் திப்டூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.  பிற்காலத்தில் அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் மேடம்தான், அது வேறு விஷயம். பெயின்டிங்காரன் அவர் பாசியில் வாய் வைக்கிறவன் இல்லையே.

நான் ஸ்டூலை விட்டு எழுந்த நாளைச் சொல்ல வேண்டும்.

மேடம் சிவப்புக் குறி போட்ட பம்புகள் சுவர் ஓரமாகக் குவிந்து கிடக்கும். அவை அசெம்பிளிக்குத் திரும்பிப் போகும். அவர்கள் சும்மா துடைத்துவிட்டு மறுபடியும் அனுப்புவார்கள், மேடம் மறுபடியும் குறி போடுவார். பம்பு ஏன் தேறவில்லை என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேடத்துக்கும் அதில் அக்கறை இல்லை. இல்லை என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. ஒரு காலையில் நான் கேன்டீனிலிருந்து ஓர் ஆட்டம் கண்ட மேசையை இழுத்துவந்து அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், மஞ்சள் கோட்டை ஒட்டி வெளியே போட்டேன். முதல் பம்பைக் கழற்றினேன். உள்ளே சீல் வளையம் தலைகீழாக மாட்டியிருந்தது.

அதன்பிறகு யுத்தம்தான். மறுநாள் வந்தால் என் மேசைமேல் காலி டிரம்கள் நிற்கும். இறக்கி வைப்பேன். என் பக்கத்து ட்யூப்லைட் எரியாது. கேன்டீனிலிருந்து வயர் இழுத்து பல்பு போட்டேன். மேசை சுவர்ப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். நான் திரும்ப இழுத்துக் கோட்டோரம் போடுவேன். இழுக்கிற சாக்கில் கால் பங்கு கோட்டுக்குள்ளேயே போடுவேன். யார் கெலித்தது என்று அசெம்பிளிப் பசங்கள் தினமும் விசாரிப்பார்கள். எனக்கு அவர்மேல் இருந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே இன்று என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று ஓர் உற்சாகம் வரும். தாசரஹள்ளியில் என்னோடு அறையில் இருந்த பெண், நான் யாரையாவது காதலிக்கிறேனா என்றே கேட்டுவிட்டாள்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. பிறகு ஒரு நாள், மேடம் ஒரு சிவப்புக் குறி பம்பைக் குவியலில் போடாமல் கொண்டுவந்து என் மேசை விளிம்பில் வைத்தார்.  அன்றுமுதல் தேறாத பம்பெல்லாம் என் மேசைக்கே வந்தது. என் ஸ்க்ரூ உருண்டு கோட்டுக்குள் போனால் காலால் உதைத்துத் திருப்புவார். அவர் துடைக்கிற துணி என் பக்கம் விழுந்தால் குறடால் தூக்கி எறிவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் போக்குவரத்து. நான் எடுத்துச் சொன்ன பிறகு அசெம்பிளியில் சீல் மாட்டுவதைத் திருத்தினார்கள். என் வேலை நிரந்தரமானது. வீட்டுக்கு அதைத் தெரிவித்தபோது அப்பாவுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாயிரத்தில் வந்த ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மேடத்தின் உறவில் ஒரு சாவு. அவர் வரவில்லை. பெங்களூர்த் தொழிற்பேட்டைகளில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. லேத்து மெஷினில் இருந்து கேன்டீன் கத்தி வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். டெஸ்டிங் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தப்பித்துவிடும், மேடம் யாரையும் விடமாட்டார். அந்த வருஷம் ஆள் இல்லாதது பசங்களுக்கு வசதியாகப் போயிற்று. பாவம் மேடம், சாவு வீட்டில் இருக்கிறார், வந்து பார்த்தால் சந்தோஷப்படட்டும் என்று நல்ல மனசோடுதான் இறங்கினார்கள். நான் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள், ஒருவன் பாசிக்கல்லை வெளியே எடுத்து வைத்துத் தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அழுக்கு பாருங்கக்கா, எத்தனை வருஷத்து அழுக்கு என்று என்னிடமே காட்டினான்.

நான் மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். அவன் கையிலிருந்து கல்லைப் பிடுங்கித் தண்ணீருக்குள் வைத்தேன். ஒரு ஓரத்தில் நகத்தளவு பச்சை மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று எலும்புபோல ஆகிவிட்டது. சந்தனக் கிண்ணத்தோடு கண்ணாடிப் பக்கம் வந்தவனையும் விரட்டினேன். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். மீன் என்ன செய்தது தெரியுமா? அந்த மொட்டைக் கல்லுக்குத் திரும்பி வந்து, அதே இடத்தில் நின்றுகொண்டு, கல்லைச் சரியாக வைக்கப் போன என் விரலைக் கடித்தது. தின்ன ஒன்றும் இல்லாத வயலுக்குக் காவல். எனக்கு அந்தப் பொடிப்பயல் மீனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பூஜை கழிந்து மேடம் வந்தார். தொட்டியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பசங்கள் எல்லாம் மெஷின்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்த் தடுத்ததையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"உன்ன யாரு உள்ள வரச் சொன்னது?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இனிமேல் இந்தத் தொட்டி பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். பற்றி எரியாது, தண்ணிதானே இருக்குது என்று அவர் பதில் சொன்னார். பல நாள் மீனுக்குக் கீரையை வேகவைத்துக் கசக்கிப் போட்டுக் காப்பாற்றினார். அந்த நகத்தளவு பச்சையிலிருந்து பாசி மறுபடி பரவியது. மீன் களை பிடுங்கத் தொடங்கியது. எனக்கு மேடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கடுத்த ஆண்டு ஓனரின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். வெளிநாட்டில் படித்தவர், நல்ல மாதிரிதான், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். கம்ப்யூட்டர் வைத்த டெஸ்ட் பெஞ்சு ஒன்று வாங்கியிருந்தார். ஒரே நேரத்தில் பல பம்புகளை ஓட்டி, எங்கே கோளாறு என்று அதுவே திரையில் காட்டிவிடும். அதற்கு இடம் வேண்டும். மேடத்தின் பக்கம் கை வைக்க வேண்டாம், அவர் சீனியர், தொட்டியும் கோடும் அப்படியே இருக்கட்டும் என்று ஓனர் சொல்லிவிட்டார். சுவரோரம் என் மேசை இருக்கும் மூலை காலியானால் போதும். பெஞ்சே கோளாறைச் சொல்லிவிடும் என்பதால் பம்பைத் திறந்து பார்க்கிற ஆளும் தேவையில்லை. இதை ஓனர் முதலில் மேடத்தைக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசி வரை இருக்கலாம் என்றார். ஆம்பூர் பஸ் என் கண்முன் வந்து நின்றது.

கேட்டுவிட்டுத் திரும்பியபோது மேடம் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் இடம் தப்பிவிட்டது, நிம்மதியாகத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள், நான் நான்காவது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மறுநாள் மருமகன் இன்ஜினியர்களோடு வந்தார். எல்லாருமே சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு டேப். அவர்களுக்குப் பின்னால் மேசை தூக்க ஆட்கள். பேச்சும் சிரிப்புமாகக் கும்பலாக வந்து என் மூலையில் இறங்கினார்கள். ஒருவன் சுவரை அளந்தான், ஒருவன் பம்புக் குவியலை நகர்த்தினான், இரண்டு பேர் என் மேசையைத் தூக்கி நடைபாதைப் பக்கம் வைத்தார்கள். என் ஸ்பேனர்கள் கீழே சரிந்தன. நான் ஒருவனிடம் திரும்பிப் பேசும்போது இன்னொருவன் என் பல்பு வயரைப் பிடுங்கினான். அவனிடம் போனால் மற்றவன் குவியலில் கை வைத்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஸாரி மேடம், ஒன் மினிட் மேடம் என்று சொல்லிக்கொண்டேதான் எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

அப்போது பம்புச் சத்தம் நின்றது. வேலை நேரத்தில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை. மேடம் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். நேராக வந்து, டேப் பிடித்திருந்தவனுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்.

மருமகன் சிரித்தபடி, மேடம், உங்கள் இடத்தை யாரும் தொடவில்லையே என்றார்.

"என் எடம் இல்ல இது. அவளோடது. அவளக் கேட்டு எடு."

இது கம்பெனி இடம், யாரோடதும் இல்லை என்று மருமகன் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு ஓனரும் வந்துவிட்டார். அவருக்குக் குழப்பம். இந்தப் பெண்ணை உள்ளே சேர்க்கவே மாட்டேன் என்று வருஷக்கணக்காக என்னோடு சண்டை போட்டவர் நீங்கள்தானே, இப்போது நானே போகச் சொன்னால் குறுக்கே வந்து நிற்கிறீர்களே, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். இடத்தைக் கொடுக்காவிட்டால் இரண்டு மூலையையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"எடுங்க, ரெண்டையும் எடுங்க" என்றார் மேடம். "இவகூட இத்தன வருஷம் மல்லுக்கட்டி இப்பத்தான் ஒரு எல்லைக்கு வந்திருக்கேன். இவ எதுவரைக்கும் வருவான்னு எனக்குத் தெரியும். நான் எதுவரைக்கும் விடுவேன்னு இவளுக்குத் தெரியும். இவள அனுப்பிட்டு, நாளைக்கி வர்றவன்கிட்ட மறுபடி மொதல்லேந்து சண்ட போடச் சொல்றீங்களா? எனக்கு வயசாயிடுச்சி சார்."

 டேப் பிடித்திருந்த பையன் மருமகனைப் பார்த்தான். மருமகன் ஓனரைப் பார்த்தார். ஓனர் என்னைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அந்தக் கம்பெனியில் ஒரு விஷயத்தை என்னிடம் கேட்டது அதுதான் முதல்முறை.

"கொடுக்க முடியாது சார்" என்றேன்.  

பெஞ்சு கடைசியில் வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குத்தான் போனது. அதில் தேறாத பம்புகளைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்று மருமகனே பிறகு ஒப்புக்கொண்டார். எனக்கு ஆம்பூர் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. அன்று எல்லாரும் கலைந்து போன பிறகு நான் தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கினேன். மேடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. நடைபாதையில் நின்ற மேசையைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்தேன். இழுக்கும்போதே, இன்று கேட்க மாட்டார் என்ற தைரியத்தில், ஒரு சாண் அவர் பக்கம் கூடுதலாகவே இழுத்துப் போட்டேன்.

மேடம் திரும்பி வந்தார். மேசைக்காலில் தன் காலை வைத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஒரு சாணையும் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.